ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டு: வலி இல்லையென்று சும்மா இருந்துவிடாதீர்கள்

2010 ஆகஸ்டுக்கு முன் உங்கள் வீட்டில் யாருக்காவது இடுப்பு மூட்டு மாற்று அறுவை நடந்திருந்தால், பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஆபரேஷன் நோட்ஸையும் இன்றே தேடி எடுங்கள். மூட்டின் பெயரும் லாட் எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர் அவற்றில் ஒட்டியிருக்க வேண்டும். பார்க்க வேண்டிய பெயர் டீப்யூ ஏ.எஸ்.ஆர். (DePuy ASR): டீப்யூ தயாரித்த நிறுவனம், ஏ.எஸ்.ஆர். மூட்டின் மாடல்.

நீண்ட காலம் உழைக்கும் என்று நம்பி மக்கள் வைத்துக்கொண்ட மூட்டு இது. இடுப்பெலும்பில் பதிக்கும் கிண்ணம், அதற்குள் சுழலும் குண்டு இரண்டுமே கோபால்ட்-குரோமியம் உலோகம். கிண்ணத்தின் ஆழம் குறைவு என்பதால் கொஞ்சம் சாய்ந்து பொருந்தினாலும் குண்டு விளிம்பில் உரசும். இடையில் இருக்க வேண்டிய திரவப் படலம் அறுந்து உலோகத் துகள் உதிரும். அது சுற்றியுள்ள தசையை அழிக்கும், எலும்பை அரிக்கும். கோபால்ட் ரத்தத்திலும் கலக்கும். ஆஸ்திரேலியாவில் 2009இலேயே விற்பனை நின்றுவிட்டது. உலகெங்கும் நிறுவனம் இதைத் திரும்பப் பெற்றது 2010 ஆகஸ்டில்தான். இந்தியாவில் ஏறக்குறைய 4,700 பேருக்கு இதை வைத்திருக்கிறார்கள், பெரும்பாலோரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. மத்திய அரசின் நிபுணர் குழு தலைக்குக் குறைந்தது 20 லட்ச ரூபாய் இழப்பீடு பரிந்துரைத்தது. ஆனால் மருத்துவர் ஆவணங்களை மூன்று ஆண்டு வைத்திருந்தால் போதும் என்கிறது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி. அதனால்தான் உங்கள் கையிலுள்ள தாள் அவ்வளவு முக்கியம்.

எக்ஸ்ரே மட்டும் பார்த்து "நல்லா இருக்கு" என்று அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தசைச் சேதம் அதில் தெரியாது. உலோக நிழலைக் குறைத்து எடுக்கும் மார்ஸ் எம்.ஆர்.ஐ. கேளுங்கள். கூடவே ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவு. மிக நுண்ணிய அளவிலுள்ள உலோகங்களை (சுவட்டுத் தனிமங்கள்) அளப்பதற்கான கருநீல மூடிக் குழாயில்தான் ரத்தம் எடுக்க வேண்டும். சாதாரணக் குழாயென்றால் அளவை நம்ப முடியாது. லிட்டருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டினால் கவலைக்குரியது என்று பிரிட்டன் 2010இல் வகுத்தது. அதற்குக் குறைவு என்பதற்காக எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப்போட வேண்டாம்.

ரிவிஷன், அதாவது வைத்த மூட்டை மாற்றும் மறு அறுவை, தேவைப்பட்டால், "குண்டை மட்டும் மாற்றலாம், செலவு குறையும்" என்ற பேச்சுக்கு இணங்காதீர்கள். ஏ.எஸ்.ஆர். கிண்ணம் ஒரே துண்டு. மாற்றிப்போட உள்ளே லைனர் (தனியாகக் கழற்றக்கூடிய உள்ளுறை) கிடையாது, கிண்ணமே வெளியே வந்தாக வேண்டும். தொடை எலும்பிலுள்ள தண்டு உறுதியாக இருந்து, அதன் முனையும் அரிக்காமல் இருந்தால் தண்டை விட்டுவைக்கலாம்.

கிருமித் தொற்று இருக்கிறதா என்பதை முன்பே பார்த்துவிட வேண்டும். முதலில் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., பிறகு ஊசியால் எடுக்கும் மூட்டுத் திரவம். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், மருத்துவர் சம்மதித்தால், இரண்டு வாரம் நிறுத்திய பிறகே திரவம் எடுப்பது நல்லது. திரவத்திலுள்ள வெள்ளணுக்களை இயந்திரத்தில் விடாமல் கையால் எண்ணச் சொல்லுங்கள். உலோகத் துகளையும் சிதைந்த திசுவையும் இயந்திரம் வெள்ளணு என்று எண்ணிவிடும். இல்லாத தொற்றுக்காக இரண்டு கட்ட அறுவைக்கு (முதலில் கழற்றி, தொற்று ஆறிய பின் புதியது வைப்பது) தள்ளப்படுவது இப்படித்தான்.

கழற்றிய மூட்டு தனக்கு வேண்டும் என்று அறுவைக்கு முன்பே எழுத்தில் கொடுங்கள். கிருமி நீக்கி, உங்கள் பெயரும் தேதியும் எழுதிய உறையில் அதை வாங்கிக்கொள்ளுங்கள். புதிதாக வைத்ததன் ஸ்டிக்கரையும் அன்றே படம் எடுத்து வைத்துவிடுங்கள்.