கோனோவீடர் களைக்கருவி: இரண்டு குறுவைகளில் பயன்படுத்திய அனுபவம்

இளம் நாற்றை அகல இடைவெளியில் நடும் திருந்திய நெல் சாகுபடிக்குப் பரிந்துரைக்கப்படும் கோனோவீடரை நாங்கள் 3 பெண்கள் சேர்ந்து பணம் போட்டு வாங்கி, இரண்டு குறுவைப் பருவங்களில் ஆடுதுறை 43 நெல் ரகம் நட்ட வயல்களில் ஓட்டியிருக்கிறோம். வாங்க எண்ணும் பெண் விவசாயிகளுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

நீண்ட கைப்பிடி, சேற்றில் அமிழாமல் தாங்கும் மிதவை, பற்கள் கொண்ட இரண்டு கூம்பு உருளைகள் ஆகியவையே இதன் பாகங்கள். முன்னும் பின்னுமாகத் தள்ளி இழுக்கும்போது உருளைகள் களையைப் பிடுங்கிச் சேற்றிலேயே அமுக்கிவிடுகின்றன. அமுங்கிய களை மட்கி உரமாகிறது, மண் கிளறப்படுவதால் வேருக்குக் காற்றும் கிடைக்கிறது. 22.5 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நட்ட வயலில்தான் குறுக்கும் நெடுக்குமாக ஓட்ட முடியும் என்பதால், நடவன்றே கயிறு பிடித்து நடுவதில் கவனம் வேண்டும். நட்ட 10 நாள் கழித்துத் தொடங்கி, 10 நாளுக்கு ஒருமுறையாக 4 முறை ஓட்டினோம். வயலில் நீர் மெல்லியதாக நிற்க வேண்டும்; காய்ந்த மண்ணில் உருளை சுழலாது, ஆழச் சேற்றில் மிதவையே புதைந்துவிடும். நெற்குத்தை ஒட்டி முளைத்த குதிரைவாலிக் களையைக் கையால்தான் பறிக்க வேண்டியிருந்தது.

இத்தனை ஆண்டுகள் குனிந்தே களையெடுத்த எங்களுக்கு, நிமிர்ந்து நின்று அந்த வேலையைச் செய்ய முடிந்ததே பெரிய ஆறுதல். மாலையில் முதுகைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார வேண்டிய நிலை இல்லை. ஆனால் தோளும் மேற்கையும் கடுக்கின்றன. நாங்கள் வாங்கிய கருவியின் கைப்பிடி எங்கள் மார்பு உயரத்தில் நின்றதால், உடலின் எடையைக் கொடுத்துத் தள்ள முடியாமல் தோள் வலிமையால் மட்டுமே தள்ள நேர்ந்தது. உள்ளூர்ப் பட்டறையில் குழாயை அறுத்து, உயரத்தை ஏற்றி இறக்கும்படி துளையிட்டுத் திருகாணி பூட்டிய பிறகே வேலை இலகுவானது. பெண்களின் உடலளவுக்கு ஏற்ற கருவிகளையும் ஆராயும் வகையில் புவனேஸ்வரத்தில் வேளாண்மையில் பெண்களுக்கான மத்திய ஆராய்ச்சி நிறுவனம் இயங்கிவரும் நிலையில், கடைக்கு வரும் கருவி இன்னமும் ஆணின் உயரத்துக்கே அமைந்திருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. இந்தக் காரணத்தாலேயே எங்கள் ஊரில், கையால் களையெடுத்தவரை பெண்களிடம் இருந்த வேலை, கருவி வந்ததும் கூடுதல் கூலியோடு ஆண்களுக்குப் போனது.

மானியம் குறித்தும் சொல்ல வேண்டும். வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் என்ற மத்திய அரசுத் திட்டத்தின் கீழ்ப் பெண் விவசாயிகள் 50 சதவீதம் வரையிலும், சிறு, குறு விவசாயிகளோ பட்டியல் இனத்தவரோ பழங்குடியினரோ அல்லாத ஆண்கள் 40 சதவீதம் வரையிலும் மானியம் பெறலாம். விண்ணப்பத்துக்கு, நிலம் யார் பெயரில் உள்ளது என்று காட்டும் சிட்டாவும், பயிர் விவரம் காட்டும் அடங்கலும் கேட்கிறார்கள். எங்கள் மூவரில் இருவருடைய நிலம் மாமனார் பெயரில் இருக்கிறது, மற்றவர் வாய்மொழிக் குத்தகைக்காரர். எனவே முழு விலை கொடுத்தே வாங்கினோம். பட்டாவில் பெயர் உள்ளவர்கள் வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் முதலில் விசாரித்துவிட்டு வாங்குவது நல்லது.

வாங்கும்போது கடையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கைப்பிடியைப் பிடித்துப் பாருங்கள். முழங்கை உயரத்துக்குச் சற்றுக் கீழே கைப்பிடி வர வேண்டும்; சேற்றில் நம் காலும் புதையும் என்பதையும் அப்போது கணக்கில் கொள்ளுங்கள்.