விதண்டாவாதியை என்ன செய்வது? கண்டுகொள்ளாமல் விடுவது முதல் வெளியேற்றுவது வரை

தொலைநோக்கி ஆர்வலர்களின் இணையக் குழு ஒன்றைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். ஓர் இரவு, புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேட்டார்: "130 மி.மீ. நியூட்டோனியன் வாங்கியிருக்கிறேன். வியாழன் மங்கலாகத் தெரிகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?" நியூட்டோனியன் என்பது லென்ஸுக்குப் பதில், ஒளியை எதிரொளிக்கும் கண்ணாடிகள் வைத்த தொலைநோக்கி. விடை எளிது. கண்ணாடிகள் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும், அதாவது கொலிமேஷன். வீட்டுக்குள்ளிருந்து எடுத்து வந்த குழாய் வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வர அரைமணி நேரமாவது பொறுக்க வேண்டும். ஒருவர் உடனே அதைச் சொல்லியும்விட்டார். அடுத்து வந்தவர் எழுதியது இது: "லென்ஸ் வாங்க வேண்டிய இடத்தில் கண்ணாடி வாங்கினால் இப்படித்தான். வாங்கும் முன் நாலு எழுத்து படித்திருக்கக் கூடாதா?"

இரண்டு மணி நேரத்தில் அறுபதுக்கு மேல் பதில்கள். ரிஃப்ராக்டரா (லென்ஸ் தொலைநோக்கி), ரிஃப்ளெக்டரா (கண்ணாடித் தொலைநோக்கி) என்ற அதே பழைய சண்டை. காலையில் பார்த்தால் கேள்வி கேட்டவர் கேள்வியை அழித்துவிட்டுக் குழுவை விட்டே போயிருந்தார்.

அன்றிலிருந்து எந்த வழியையும் நான் அந்தப் புதியவரை வைத்துத்தான் எடைபோடுகிறேன். வம்புக்காரர் திருந்துவாரா என்பது எனக்கு இரண்டாவது கேள்வி.

வழிகளை ஒப்பிடும் முன், யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பழைய இந்தியத் தர்க்க மரபான நியாய தரிசனம் வாக்குவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையைத் தெரிந்துகொள்ளப் பேசுவது வாதம். ஜெயிப்பதற்காகப் பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு நிலைப்பாடே இல்லாமல், எதிராளி சொல்வதை உடைப்பதே குறியாகப் பேசுவது விதண்டை. நாம் சொல்லும் விதண்டாவாதம் இதுதான். குழு நடத்துபவர்கள் பலர் மூன்றையும் ஒரே தராசில் போட்டுவிடுகிறார்கள். காரமாகப் பேசினாலும் கணக்கோடு பேசுபவர் குழுவின் சொத்து. அவர் வாயை அடைத்தால் தப்பான தகவல் தட்டிக் கேட்க ஆளில்லாமல் நின்றுவிடும். கீழே உள்ள எதுவும் அவருக்கானது அல்ல.

"கண்டுகொள்ளாமல் விடுங்கள்" என்பது இணையத்தின் மிகப் பழைய அறிவுரை. இணையத்தின் தொடக்ககால விவாதக் குழுக்களான யூஸ்நெட் காலத்திலேயே கில்ஃபைல் இருந்தது. அதில் ஒருவர் பெயரைப் போட்டுவிட்டால் அவர் எழுதுவது உங்கள் திரையில் வராது. இன்றைய மியூட்டும் பிளாக்கும் அதன் வாரிசுகள். பழைய உறுப்பினருக்கு இது போதும். நேற்று வந்தவருக்கோ யாரை மியூட் செய்ய வேண்டும் என்றே தெரியாது. முதல் அடி அவருக்குத்தான் விழும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட சோதனையில், நல்ல மனநிலையில் இருந்து, நல்ல கருத்துகளைப் படித்துவிட்டு எழுதியவர்களின் கருத்துகளில் 35 சதவீதம் வம்பாக இருந்தன. மனநிலை கெட்டு, வம்பான கருத்துகளையும் படித்துவிட்டு எழுதியவர்களிடம் அது 68 சதவீதம். எழுதியவர்கள் சாதாரண மனிதர்கள்தான். ஆகவே கண்டுகொள்ளாமல் விட்ட ஒரு வம்பு அங்கேயே கிடப்பதில்லை, அடுத்தவரையும் இழுத்துக்கொள்கிறது.

பொதுவில் பதில் சொல்வது இதற்கு நேர் எதிர். ஒரே ஒரு முறை, தகவலை மட்டும் திருத்தி, படிக்கும் மற்றவர்களுக்காக எழுதினால் பயன் உண்டு. இரண்டாவது பதிலிலிருந்து நாமும் ஜல்பத்தில் இறங்கிவிடுகிறோம்.

தனியே அழைத்துப் பேசுவதை எல்லோரும் சொல்கிறார்கள், செய்பவர்கள் குறைவு. நேரம் பிடிக்கும், சங்கடமாக இருக்கும். ஆனால் நான் அதிகம் நம்புவது இதைத்தான். உளவியலாளர் ஜான் சூலர் 2004-இல் விளக்கியபடி, இணையத்தில் மனிதர்கள் கட்டுப்பாட்டைத் தளர்த்துவதற்குக் காரணங்கள் உண்டு: நம்மை யாரும் பார்ப்பதில்லை, எதிராளியின் முகமும் தெரிவதில்லை, பதிலுக்கு அங்கேயே காத்து நிற்க வேண்டியதில்லை. தனிச்செய்தி அந்த முகத்தைக் கொஞ்சம் திருப்பிக் கொண்டுவருகிறது. அந்த லென்ஸ்காரருக்கு நான் எழுதியது: "சார், துணைக்கண்ணாடி நடுவில் மறைப்பதால் கான்ட்ராஸ்ட் குறையும் என்று நீங்கள் சொன்னது சரி. ஆனால் கேட்டவர் குழுவை விட்டுப் போய்விட்டார். ஏற்கெனவே வாங்கிவிட்டவரிடம், வாங்கியதே தப்பு என்று இனி எழுத வேண்டாம்." அரைமணி கழித்து வந்த பதில்: "அவர் போனது எனக்குத் தெரியாது." அதன்பின் மூன்று மாதம் அமைதி.

கவனிக்க வேண்டியது, என்ன செய்யக் கூடாது என்பதை ஒரே வாக்கியத்தில் சொன்னதை. "கொஞ்சம் மரியாதையாகப் பேசுங்கள்" என்று எழுதியிருந்தால், எது மரியாதை என்றே இன்னொரு விவாதம் தொடங்கியிருக்கும்.

ஸ்லோ மோடு வேறு ரகம். ஒருவர் ஒரு செய்தி போட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். டெலிகிராம் இதை 2019-இல் கொண்டுவந்தது, அதில் அதிகபட்சம் ஒரு மணி நேரம். டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் ஆறு மணி நேரம் வரை வைக்கலாம். பற்றி எரியும்போது தண்ணீர் ஊற்ற நல்லது. ஆனால் உதவி செய்பவரும் சேர்ந்தே காத்திருக்க வேண்டும், அதனால் ஓர் இரவுக்கு மேல் நான் வைப்பதில்லை.

மூன்று மாதம் கழித்து அந்த லென்ஸ்காரர் மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை குழுவை விட்டு அனுப்பாமல், "எதை வாங்கலாம்" என்ற கேள்விகளில் மட்டும் முப்பது நாள் எழுதக் கூடாது என்றேன். விக்கிபீடியாவில் இதற்கு நீண்ட நடைமுறை உண்டு: ஒரு தலைப்பிலிருந்து மட்டும் தடை, அல்லது இரண்டு பேர் ஒருவர் பேச்சில் ஒருவர் தலையிடக் கூடாது என்ற தடை. பொது நீர்நிலைகளையும் மேய்ச்சல் நிலங்களையும் மக்கள் தாமே எப்படிக் காக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2009-இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், நிலைத்த அமைப்புகளில் கண்ட கூறுகளில் ஒன்று படிப்படியான தண்டனை. முதல் தவறுக்குச் சிறியது, திரும்பச் செய்தால் பெரியது. எங்கள் லென்ஸ்காரர் அந்த முப்பது நாளில் மாறொளிர் விண்மீன்களைப் பற்றி எழுதினார். அவர் எழுதியதிலேயே சிறந்தது அதுதான். முழுத் தடை போட்டிருந்தால் அது எங்களுக்குக் கிடைத்திருக்காது.

நான் ஒருபோதும் ஏற்காத வழி, ரகசியத் தடை. தடைக்கு ஆளானவர் எழுதுவது அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. ஸ்பேம் போடும் இயந்திரக் கணக்குகளுக்கு இது பொருந்தும். மனிதரைக் காற்றோடு பேசவிட்டு வேடிக்கை பார்ப்பது ஏமாற்று. எந்தத் தவறுக்கு இது என்று அவருக்குத் தெரியவே தெரியாது, திருந்தவும் வழியில்லை. தெரியவரும் நாளில் மற்ற உறுப்பினர்களும் "என் பதிவும் இப்படித்தானோ" என்று சந்தேகப்படுவார்கள். ரெடிட் என்ற பெரிய விவாதத் தளமே 2015-இல் உண்மையான பயனர்களுக்கு, காரணம் சொல்லி வெளிப்படையாக இடைநிறுத்தும் முறைக்கு மாறியது.

முழுத் தடை வம்பை வேறிடத்துக்கு அனுப்புமே தவிரத் தீர்க்காது என்பார்கள். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. அதே 2015-இல் ரெடிட் சில வெறுப்புக் குழுக்களை மூடியது. 2017-இல் வெளியான ஆய்வின்படி, அங்கிருந்தவர்களில் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் தளத்தில் எழுதுவதையே நிறுத்தினர். தங்கியவர்களின் வெறுப்புப் பேச்சு குறைந்தபட்சம் 80 சதவீதம் சரிந்தது. அவை குழுக்களுக்கு விழுந்த தடை, தனி ஆளுக்கு அல்ல. இருந்தாலும் தயங்கிக்கொண்டே இருப்பவர்களுக்கு இதைச் சொல்வேன்: தனியே சொல்லியாயிற்று, தலைப்புத் தடையும் போட்டாயிற்று, மறுபடியும் ஒருவரைக் குறிவைத்துச் சீண்டுகிறார் என்றால் அனுப்பிவிடுங்கள். மிரட்டல், ஒருவரின் முகவரியை வெளியிடுவது போன்றவற்றுக்குப் படிகளே வேண்டாம், அன்றே அனுப்ப வேண்டும். அனுப்பும்போது காரணத்தை இரண்டு வரியில் அவருக்கு எழுதுங்கள். குழுவில் அவரைப் பற்றிப் பேச வேண்டாம். பதில் சொல்ல அவர் அங்கே இல்லை.

இந்த ஆண்டுகளில் நாங்கள் முழுமையாக வெளியேற்றியவர்கள் இருவர். அவர்களின் பழைய பதிவுகளில் சீண்டலை மட்டும் நீக்கினோம், மற்றதை வைத்திருக்கிறோம். வியாழன் மங்கலாகத் தெரிகிறது என்று யாராவது கேட்டால் நாங்கள் அனுப்பும் கொலிமேஷன் குறிப்பு, அந்த இருவரில் ஒருவர் எழுதியது. அவர் பெயரோடுதான் அனுப்புகிறோம்.