கிளட்ச் ஆக்சுவேட்டரைத் திரும்பப் பூட்டுதல்: பழைய கோடா, கை அழுத்தமா, கணினியா?

பழுதுபார்த்து வந்த கிளட்ச் ஆக்சுவேட்டரை ஸ்மார்ட் ஃபோர்டூ காரில் திரும்பப் பூட்டும்போது, மோட்டார் எவ்வளவு நன்றாகச் சுழல்கிறது என்பதைவிட, அதை எந்த இடத்தில் வைத்து முடுக்குகிறோம் என்பதே பெரிதும் முக்கியம். 1998 முதல் 2007 வரை வந்த 450 வரிசை வண்டிகளில் கிளட்ச் பெடல் கிடையாது. கியர்பாக்ஸோடு மூன்று போல்ட்டுகளால் பிணைக்கப்பட்ட ஒரு சிறிய மின்மோட்டார், தண்டு ஒன்றைத் தள்ளி, கிளட்சை விலக்கும் நெம்புகோலான கிளட்ச் ஃபோர்க்கை அசைக்கிறது. இந்த மோட்டார் அமைப்புதான் ஆக்சுவேட்டர். அந்தப் போல்ட் துளைகள் வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் இருப்பதால், ஆக்சுவேட்டரைச் சில மில்லிமீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கலாம். அந்த இடத்தை முடிவு செய்ய மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி பழைய கோடு. கழற்றும் முன் சேற்றைத் துடைத்துவிட்டு, ஆக்சுவேட்டரின் காலையும் கியர்பாக்ஸையும் சேர்த்து வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிடுகிறார்கள். "மார்க் இருக்கு அண்ணே, அதே இடத்துல வெச்சா போதும்" என்று போர்மன் (பட்டறை மெக்கானிக்) சொல்லும்போது அதில் நியாயம் இருப்பதாகவே தோன்றும். ஆனால் கோடு காட்டுவது கடைசியாகச் சரிசெய்த நாளின் நிலையை மட்டுமே. கிளட்ச் தட்டு தேயத் தேய, அதை அழுத்திப் பிடிக்கும் அழுத்தத் தட்டின் வில் விரல்கள் வெளிப்பக்கம் எழும்பி ஃபோர்க்கை ஆக்சுவேட்டர் பக்கமாகத் தள்ளுகின்றன. பழைய இடத்திலேயே வைத்தால் தண்டு ஃபோர்க்கை ஓயாமல் அழுத்திக்கொண்டிருக்கும், கிளட்ச் வழுக்கும், ஃபோர்க்குக்கும் அந்த விரல்களுக்கும் இடையே இருக்கும் ரிலீஸ் பேரிங்கும் சீக்கிரம் தேயும். போதாக்குறைக்கு, பழுதுபார்ப்பவர் உறையைத் திறந்து உள்ளே மோட்டார் சுழற்றும் புழுப்பற்சக்கரத்தை (வார்ம் கியர்) வேறொரு பல்லில் பூட்டியிருந்தால் தண்டு ஓய்ந்து நிற்கும் இடமே மாறியிருக்கும். உறையைத் திறக்காமல் இணைப்பானையும் தண்டின் முனையையும் மட்டும் சுத்தம் செய்த வேலைக்குத்தான் இந்த வழி பொருந்தும்.

இரண்டாவது, கையால் அழுத்திப் பொருத்துவது. மூன்று போல்ட்டுகளையும் விரலால் சுற்றும் அளவுக்குத் தளர்வாகப் போட்டு, தண்டின் முனை ஃபோர்க்கின் குழியில் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்தபின், ஆக்சுவேட்டரை உள்ளங்கையால் ஃபோர்க்கை நோக்கித் தள்ள வேண்டும். இடைவெளி தீர்ந்து தடை தெரியத் தொடங்கியதும், இன்னும் சற்றே அழுத்தம் கொடுத்து, அதே நிலையில் பிடித்தபடி முடுக்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் மோட்டாரின் பயணம் முடிந்தும் கிளட்ச் முழுதாக விலகாது, கியர் விழாமல் டாஷ்போர்டில் மூன்று கோடுகள் மின்னும். அதிகமானால் முன்சொன்ன வழுக்கல்தான். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஒரு கையால் தள்ளி மறு கையால் ஸ்பேனரைத் திருப்புவது எளிதல்ல. தள்ளும் கை தளர்ந்ததுகூடத் தெரியாமல் முடுக்கி முடித்துவிடுவோம். ஆகவே இருவர் சேர்ந்து செய்வதும், கைக்குப் பதிலாகச் சுருள்வில் தராசைக் கட்டி இழுப்பதும் நல்லது. முன்னதாகத் தண்டின் முனையில் ஏறிய துருவைத் தேய்த்தெடுத்துக் கிரீஸ் வைக்காவிட்டால், துரு தரும் தடையைக் கிளட்சின் தடை என்று கை ஏமாந்துவிடும். நம் ஊர் மழையில் அந்த இடம் துருப்பிடிக்காத வண்டியைக் காண்பது அரிது.

மூன்றாவது கணினி. மெர்சிடிஸ் பட்டறைகளில் இருக்கும் ஸ்டார் டயக்னோசிஸ் கருவி ஆக்சுவேட்டரின் நிலையைக் காட்டுவதோடு, கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் புள்ளியைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் புதிதாகக் கற்பித்தும் விடும். கோலாலம்பூரின் ஜாலான் ஈப்போ சாலையில் மணிக்கணக்காக ஊர்ந்து போகும் வண்டிக்கும், அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தின் சரிவில் நின்று நகர வேண்டிய வண்டிக்கும் அந்தப் புள்ளி துல்லியமாக இருப்பது பெரிய ஆறுதல். ஆயினும் கருவியால் போல்ட்டைத் தளர்த்தி உறுப்பை நகர்த்த முடியாது. இடம் தவறாக இருந்தால் கற்பித்தல் பாதியில் நின்றுவிடும், அல்லது தவறான இடத்தையே கற்றுக்கொள்ளும். எனவே கையால் பொருத்திவிட்டு அதன்பின் கருவியிடம் போவதே என் தேர்வு. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் கை முறையையே எடுப்பேன்.

சாவி (Savvy) என்ற காரின் ஏ.எம்.டி.யை, அதாவது கிளட்ச் பெடல் இல்லாத கியர் அமைப்பை, பழகிய போர்மன்கள் இதைச் சில சமயம் தவறவிடுவது வியப்பில்லை. புரோட்டோனின் அந்த வண்டியில் கிளட்சை இயக்குவது பம்ப் கொடுக்கும் எண்ணெய் அழுத்தம். அங்கே கவலையெல்லாம் கசிவும் அழுத்தக் கலனும்தான்.

ஹாஃப்-கட் கடையில் (வெட்டிப் பிரித்த பழைய கார்களின் உதிரிபாகங்களை விற்கும் கடை) வாங்கிய பழைய ஆக்சுவேட்டரைப் போடுபவருக்குக் கோடு என்ற பேச்சுக்கே இடமில்லை, நேரே இரண்டாவது வழிக்கு வந்துவிட வேண்டும். எந்த வழியானாலும், ஆக்சுவேட்டரைத் துளையின் கடைசி விளிம்புவரை பின்னுக்கு இழுத்தும் தண்டு ஃபோர்க்கை அழுத்துவது குறையவில்லை என்றால், தட்டு தேய்ந்து முடிந்துவிட்டது என்று பொருள். அப்போது கியர்பாக்ஸை இறக்கிக் கிளட்சையே மாற்ற வேண்டும்.