வன்னிக்குக் கீழே மூன்று பாறைகள்: எண்ணெய் தங்க எது தோது?

வவுனியாவில் குழாய்க்கிணறு அடித்தால் கொஞ்ச ஆழத்திலேயே கருங்கல் இடிக்கும். பூநகரி, முழங்காவில் பக்கம் சுண்ணாம்புக் கல். முருங்கன் பக்கம் சுண்ணாம்பையும் தாண்டிப் போனால் மணற்கல். எண்ணெயோ வாயுவோ தங்குவதற்கு இவற்றில் எது தோது என்று பார்க்க நாலு கேள்வி போதும். கல்லில் இடைவெளி உண்டா? அந்த இடைவெளிகள் ஒன்றோடொன்று தொடுக்கின்றனவா? மேலே கசியாத மூடி உண்டா? கீழே போதிய சூடு கண்ட மூலப்பாறை, அதாவது எண்ணெய் பிறக்கும் பாறை, உண்டா?

கருங்கல்லை முதலில் தள்ளிவிடலாம். இங்கே கருங்கல் என்பது நைஸ் என்ற பாறை, அதன் உடலில் இடைவெளி 1 சதவீதமும் இராது, வெடிப்புகளில்தான் எதுவும் தங்கும். தமிழ்நாட்டின் காவேரிப் படுகையில் மாதானம் பக்கம் வெடித்த அடிப்பாறையிலிருந்து எண்ணெய் வந்ததென்னவோ உண்மை. ஆனால் அங்கே அந்தப் பாறையைத் தடித்த படிவுகள் போர்த்திக் கிடக்கின்றன. வவுனியாவில் அது வெயில் காய்கிறது.

சுண்ணாம்புக்கும் மணற்கல்லுக்கும்தான் உண்மையான போட்டி. வன்னியின் சுண்ணாம்பு மயோசீன் என்ற பழைய புவிக்காலத்தது, அதில் குகையளவு பொந்தும் இருக்கும், ஓரடி தள்ளி இறுகிய கல்லும் இருக்கும். ஒரு துளையை வைத்து அடுத்ததைச் சொல்ல முடியாது. துளையிடும்போது துளைக்குள் ஓடவிடும் சேற்றுக்கரைசல் திடீரென்று உள்ளே மறைந்தால் பொந்து வந்துவிட்டது என்று பொருள். இறுகிய இடத்தை 15 சதவீத ஐதரோகுளோரிக் அமிலம் செலுத்தித் திறக்கலாம், அது இதன் பெரிய வசதி. வன்னியில் இதன் குறை மூடியின்மை. மழைநீர் நேரே இறங்குகிற கல் நல்ல தண்ணீர்த் தொட்டி, எண்ணெய்க்கு ஓட்டைப் பானை.

மணற்கல்லின் இடைவெளி சீரானது. 15 முதல் 25 சதவீதம் இருந்தால் நல்ல கல். ஆழம் கூடக் கூட மணிகளுக்கிடையே சிலிக்கா படிந்து அடைக்கும். களி கலந்திருந்தால் நன்னீர் பட்டதும் ஊதி வழியை மூடும், அதனால் 2–3 சதவீத பொட்டாசியம் குளோரைட்டுக் கரைசல் பாவிப்பார்கள்.

கல்லின் இடைவெளியை வீட்டுத் தராசிலேயே அளக்கலாம். உலர்ந்த நிறை 500 கிராம், நீரில் ஊறியபின் 560, நீருக்குள் தொங்கவிட்டால் 310 என்று வைப்போம். ஒரு கிராம் நீர் ஒரு கன சென்டிமீட்டர் என்பதால் ஊறிய நீர் 60, கல்லின் மொத்தக் கனவளவு 560இலிருந்து 310 போக 250. 60ஐ 250ஆல் வகுத்தால் 24 சதவீதம். வெறுமனே ஊறவைத்தால் உள்ளே காற்று சிக்கி அளவு குறையும், வெற்றிடப் பம்பால் காற்றை இழுத்துவிட்டு ஊறவைக்க வேண்டும். மேற்பரப்பில் பொறுக்கிய கல்லை நம்பாதீர்கள், வெயிலும் மழையும் அதை இளக்கியிருக்கும்.

கல்லளவில் மணற்கல்லுக்கே என் வாக்கு. இடமோ வன்னித் தரை அல்ல. எண்ணெய் பிறக்க ஏறத்தாழ 60 முதல் 120 பாகை செல்சியஸ் வேண்டும், அதாவது 2 முதல் 4 கிலோமீட்டர் ஆழம். தரைப்பக்கப் படிவு அவ்வளவு தடிப்பில்லை, மேற்கே மன்னார்க் கடலடியில்தான் அந்தத் தடிப்பு உண்டு. 1970களில் மன்னார்த் தீவின் பேசாலையில் துளையிட்டும் வணிக அளவில் எதுவும் கிடைக்கவில்லை. 2011இல் மன்னார்ப் படுகையின் டொராடோ கிணற்றில், 1,354 மீட்டர் நீருக்கடியில், ஏறத்தாழ 3,044 முதல் 3,069 மீட்டர் வரை மணற்கல்லில் வாயு வந்தது. அதே ஆண்டு அதே படுகையின் பரகுடா கிணற்றிலும் மணற்கல்லில்தான், 4,000 மீட்டருக்கும் கீழே. டொராடோ வடக்கு என்ற கிணற்றைத் துளையிட்டபோது ஒன்றுமே இல்லை.