கேமரா கார், லைடார் கார், அடாஸ் கார்: கடலூர் ரோட்டில் வைத்துப் பார்த்தால்

கரும்பு வெட்டுக் காலத்தில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு வண்டி ஓட்டியவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். முள்ளோடை தாண்டி ரெட்டிச்சாவடி வரும்போது எதிரே வரும் லாரியின் ஹைபீம் கண்ணில் அடிக்கும், அது கடந்து போன அடுத்த நொடி முன்னால் கருப்பாக ஏதோ ஒரு மேடு தெரியும், பிரேக்கில் கால் வைத்த பிறகுதான் அது கரும்பு டிராக்டர் என்று புலப்படும். டிரெய்லருக்குப் பின்விளக்கு கிடையாது. ரிஃப்ளெக்டர் ஒட்டியிருந்தாலும் அதன்மேல் சோகை தொங்கிக்கொண்டிருக்கும், கரும்பு நுனி இரண்டு மூன்று அடி வெளியே நீட்டியபடி ஆடும். சில நாள் டயர் பஞ்சராகி அப்படியே ரோட்டிலேயே நிற்கும்.

தானாக ஓடும் கார் என்று எந்தச் செய்தி வந்தாலும் எனக்கு இந்த டிராக்டர்தான் ஞாபகத்துக்கு வரும். அதனால் கேமரா, லைடார், அடாஸ் என்ற மூன்று வழிகளையும் அதன் பின்னால் நிறுத்தித்தான் பார்க்கப் போகிறேன்.

முதலில் டெஸ்லா. மனிதன் கண்ணை வைத்துத்தானே ஓட்டுகிறான், காருக்கும் கேமரா போதும் என்பது அவர்கள் கட்சி. லேசரால் தூரம் அளக்கும் லைடாரை நம்புகிறவர்கள் வீணாய்ப் போவார்கள் என்று 2019-லேயே எலான் மஸ்க் சொல்லிவிட்டார், 2021-இல் அமெரிக்காவில் விற்ற மாடல் 3, மாடல் ஒய் கார்களிலிருந்து, ரேடியோ அலையால் தூரம் அளக்கும் ரேடாரையும் கழற்றிவிட்டார்கள். கேமரா படத்தில் தூரம் என்று ஒன்று பதிவாவதில்லை, லட்சக்கணக்கான படங்களில் பழகிய மென்பொருள் "இது இவ்வளவு தள்ளி இருக்கும்" என்று கணிக்கிறது. செலவு குறைவு, வரைபடம் இல்லாத ஊரிலும் ஓடப் பார்க்கும். இவை பெரிய லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஹைபீம் அடித்த அடுத்த நொடியில் என் கண் என்ன பாடு படுகிறதோ கேமராவும் ஏறக்குறைய அதே பாடுதான் படும். எனக்குத் தெரியாத இடத்தில் அதற்குத் தெரியவேண்டும் என்பதற்காகத்தானே அதை வாங்குவது?

அடுத்தது வேமோ, ஓட்டுநர் இல்லாத டாக்ஸி ஓட்டும் நிறுவனம். கூகுளில் 2009-இல் ஆரம்பித்த வேலை. லைடார் லேசர் துடிப்பை அனுப்பி, அது பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தை அளக்கிறது. ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போகும், ஆகவே நேரம் தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும், இதில் ஊகத்துக்கு வேலை இல்லை. இருட்டோ ஹைபீமோ அதற்குப் பெரிய பொருட்டில்லை, விளக்கு இல்லாத கரும்பு டிரெய்லரும் அதற்குப் புள்ளிகளால் ஆன ஒரு மலையாகத் தெரியும். வேமோ ஓட்டிவந்த ஜாகுவார் காரில் 29 கேமரா, 5 லைடார், 6 ரேடார். ஒன்று ஏமாந்தால் இன்னொன்று பிடிக்கும். கொட்டும் மழையிலும் பனியிலும் லைடார் திணறும், அப்போது ரேடார் கைகொடுக்கும். பார்வை என்ற ஒரே விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, இதுதான் மேல்.

சிக்கல் வேறு இடத்தில். வேமோ முன்கூட்டியே அங்குலம் அங்குலமாக வரைந்து வைத்த ஊருக்குள்தான் ஓடும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது, இரண்டு நாளில் தென்பெண்ணை வெள்ளம் சேர்ந்துகொண்டது, கரையோர ஊர்களில் ரோடு எது வயல் எது என்றே தெரியவில்லை. எந்த வரைபடம் அதற்குத் தாங்கும்? புயல்கூட வேண்டாம். 2025 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் கரண்ட் போய் சிக்னல்கள் அணைந்தபோது வேமோ கார்கள் பல நடுச்சந்தியிலேயே நின்றுவிட்டன. நமக்கு சிக்னல் வேலை செய்யாத நாள் சாதாரண நாள். புதுச்சேரியில் சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் நடுவில் நின்று ஒரு கையை நீட்டி, இன்னொரு கையால் "வா வா" என்பார், அது எனக்கா பக்கத்து ஆட்டோவுக்கா என்பதை அவர் கண் போகும் திசையை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் போகும் வழியில் சாமியும் கூட்டமும் ரோடு முழுக்க இருக்கும்போது, எல்லாரையும் விட்டுக்கொடுத்துக் காத்திருக்கிற கார் சாயங்காலம் வரை அங்கேயே நிற்கவேண்டியதுதான்.

சரி, நன்றாகப் பார்க்கிற கார் நன்றாக ஓட்டிவிடுமா? இதற்குப் பதில் 2018 மார்ச் 18 ராத்திரி அரிசோனாவில் டெம்பி என்ற ஊரில் கிடைத்துவிட்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்த 49 வயதுப் பெண்ணை ஊபரின் தானாக ஓடும் சோதனைக் கார் மோதிக் கொன்றது. அந்தக் காரில் லைடார் இருந்தது, ரேடார் இருந்தது. மோதுவதற்கு 5.6 நொடிக்கு முன்பே அவர் இருப்பதை அது கண்டுகொண்டது என்று அமெரிக்க விசாரணை அமைப்பின் அறிக்கை சொல்கிறது. ஆனால் வாகனம் என்றது, வேறு ஏதோ பொருள் என்றது, சைக்கிள் என்றது, ஒவ்வொரு முறை பெயரை மாற்றும்போதும் அவர் எந்தப் பக்கம் போகிறார் என்ற கணக்கைப் புதிதாக ஆரம்பித்தது. ஜீப்ரா கோடு இல்லாத இடத்தில் ஒரு மனுஷி ரோட்டைக் கடப்பார் என்ற எண்ணமே அந்த மென்பொருளில் இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. தினமும் காலையில் தவளக்குப்பத்தில் இதே ரோட்டைக் கடந்துதான் பால் வாங்கப் போகிறார், கையை லேசாக உயர்த்திக் காட்டிவிட்டு நடக்க ஆரம்பிப்பார், லாரிக்காரர் வேகத்தைக் குறைப்பார். அந்தக் கைக்கு அர்த்தம் தெரியாத எந்தக் காரும், அதில் எத்தனை லைடார் இருந்தாலும், எங்கள் ஊருக்கு வேண்டாம். ட்ரிபிள் ஐடி என்ற ஹைதராபாத் தொழில்நுட்பக் கல்லூரியில் ஹைதராபாத், பெங்களூரு ரோடுகளில் எடுத்த பத்தாயிரம் படங்களை ஆட்டோ, மாடு, ரோட்டோர மண் என்று 34 வகையாகப் பிரித்து ஆராய்ச்சிக்குக் கொடுத்திருக்கிறார்கள், இந்த மாதிரி வேலை இன்னும் நூறு மடங்கு நடக்கவேண்டும்.

அறம் என்று பேச்செடுத்தாலே எல்லாரும் கேட்பது, மோதலைத் தவிர்க்கவே முடியாதபோது கிழவரை இடிப்பதா குழந்தையை இடிப்பதா என்ற கேள்வியை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் இதை இணையத்தில் வைத்து உலகம் முழுக்கச் சுமார் 4 கோடி பதில்கள் வாங்கி 2018-இல் வெளியிட்டது. ஜெர்மனியின் நெறிமுறைக் குழு 2017-லேயே, வயதையோ ஆண் பெண் என்பதையோ வைத்து ஆளைத் தேர்ந்தெடுக்கவே கூடாது என்று சொல்லிவிட்டது, எனக்கு அதுதான் சரி என்று படுகிறது. ஆனால் டெம்பியில் செத்தவர் அப்படி யாராலும் தேர்ந்தெடுக்கப்பட்டுச் சாகவில்லை. அவரைப் போன்றவர் ரோட்டில் இருப்பார் என்று எண்ணிப் பார்க்காததால் செத்தார். என்னைப் பொறுத்தவரை அறக்கேள்வி அங்கேதான் இருக்கிறது.

அப்புறம், பழி யாருக்கு? டெம்பி வழக்கில் ஊபர் மீது குற்ற வழக்கு போடவில்லை, காரைக் கண்காணிக்க உள்ளே உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்த ஊழியர் 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவர் தவறு பெரியதுதான், ஆனால் அவர் ஒருவருடையது மட்டும்தானா? டெஸ்லா விற்கும் கார்களிலும் "நீங்கள் கவனமாக இருக்கவேண்டும்" என்ற நிபந்தனை உண்டு. 2019-இல் ஃபுளோரிடாவில் நடந்த ஒரு சாவுக்கு அந்த நிறுவனத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு பொறுப்பு உண்டு என்று மியாமி ஜூரி சொல்ல 2025 ஆகஸ்ட் வரை ஆனது. வேமோவில் ஓட்டுநர் சீட்டே காலி, கை நீட்ட அங்கே ஆள் இல்லை, நிறுவனம்தான் ஓட்டுநர். மெர்சிடிஸும் டிரைவ் பைலட் என்ற தன் தானோட்டி வசதி ஓடும் நேரத்தில் பொறுப்பு தன்னுடையது என்றது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் டெஸ்லாவைவிட வேமோ பக்கம் நிற்பேன்.

மூன்றாவது வழி ஏற்கெனவே நம் ஊருக்கு வந்துவிட்டது, லெவல் 2 அடாஸ், அதாவது பிரேக், வேகம், ஸ்டீயரிங்கில் ஓட்டுநருக்கு உதவுமே தவிர அவருக்குப் பதில் ஓட்டாத வசதி. அக்கா வீட்டு மாமா போன வருஷம் அப்படி ஒரு கார் வாங்கினார். ஒரு நாள் சாயங்காலம் அரியாங்குப்பம் தாண்டி, வேகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் க்ரூஸையும் கோட்டுக்குள் வண்டியை வைக்கும் லேன் அசிஸ்ட்டையும் போட்டார், பத்து நிமிஷம் சொகுசாகத்தான் போனது. தேய்ந்த கோடு ஒன்று வந்தபோது ஸ்டீயரிங் தானாக இடது பக்கம் இழுத்தது, அங்கே எதிர்த்திசையில் ஒரு பைக் வந்துகொண்டிருந்தது. மாமா பலமாகப் பிடித்துத் திருப்பினார், அதற்குப் பிறகு வீடு வரை யாரும் பேசவில்லை. இந்த வகைக் கார்களில் ரேடாருக்கு இன்னொரு பலவீனம் உண்டு. பாலம், பலகை எல்லாம் தடை என்று நினைத்து அடிக்கடி பிரேக் போட்டுவிடக் கூடாதென்று, அசையாமல் நிற்கிற பொருளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும்படி அதை அமைப்பார்கள். வேகமாகப் போகும்போது நின்றிருக்கும் வண்டியைக் கவனிக்காமல் போக அதுவும் ஒரு காரணம். பஞ்சராகி நிற்கும் கரும்பு டிராக்டரை இங்கே யோசித்துப் பாருங்கள்.

ஆனாலும் 2022-இல் மட்டும் இந்திய ரோடுகளில் 1,68,491 பேர் செத்திருக்கிறார்கள், அதனால் தொழில்நுட்பமே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. டிரைவர்கள் வேலை போகும், ஆகவே ஓட்டுநர் இல்லாத காரை விடமாட்டேன் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சராக நிதின் கட்கரி சொன்னார். புதுச்சேரி பஸ் ஸ்டாண்டு வாசலில் டாக்ஸி போட்டிருக்கும் அண்ணன்களைப் பார்க்கும்போது அதை லேசாகத் தள்ளமுடியவில்லை.

போன வாரம் மாமா கேட்டார், "ஏம்பா, இதெல்லாம் ஆஃப் பண்ணிடட்டுமா?" ஆட்டோ பிரேக்கை மட்டும் ஆஃப் பண்ணாதீங்க மாமா, கடைசி நொடியில் அது ஒருத்தரையாவது காப்பாத்தும், லேன் அசிஸ்ட்டை இந்த ரோட்டில் போடவே போடாதீங்க, க்ரூஸை நாலுவழிச் சாலைக்கு வெச்சுக்குங்க என்றேன். கரும்பு வெட்டு முடிகிற வரைக்கும் ராத்திரியில் அறுபதுக்கு மேல் போகாதீங்க என்றும் சொன்னேன். சரி என்றார்.