ஐஸ் மேக்கர் வாங்கலாமா? ஒரு பழுதுக்குப் பின் என் பதில்

சமையல் மேடையில் வைக்கும் ஐஸ் மேக்கர் வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். எங்களுடையது பழுது நீங்கி இப்போதுதான் மறுபடி ஓடத் தொடங்கியிருக்கிறது. அதனால் பதிலில் கோபம் தட்டினால் அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். கொள்ளளவு, எடை, விலை எல்லாம் அவரே பார்த்திருப்பார். நான் எழுதுவது சத்தத்தைப் பற்றி.

அதற்கு முன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை ஆன பிறகு, பிசியோதெரபி பயிற்சி முடிந்ததும் ஒத்தடம் கொடுக்க ஐஸ் தேவைப்பட்டது. ஃபிரிட்ஜ் தட்டில் தண்ணீர் உறைய மணிக்கணக்கில் ஆகும். இந்த இயந்திரம் பத்து நிமிடத்துக்குள் ஒன்பது கட்டிகளை உதிர்த்துவிடுகிறது. தையற்காரர் விரலில் மாட்டும் உறையைப் போல நடுவில் குழியுள்ள கட்டிகள். அந்தக் குழிக்காகவே இதை எனக்குப் பிடிக்கும். துண்டில் சுற்றி வைத்தால் லேசாக நொறுங்கி, மூட்டின் வளைவுக்கு ஏற்றபடி படிந்துவிடும். ஃபிரிட்ஜின் சதுரக் கட்டியாக இருந்தால் முனை குத்தி அப்பா முகம் சுளிப்பார். வேலூர் வெயிலில் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நன்னாரி சர்பத் கொடுக்கவும் இதுவே கை கொடுக்கிறது.

இனி சத்தம். இந்த இயந்திரம் எந்த நேரத்தில் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால், சத்தம் எங்கே பிறக்கிறது என்பதைப் பாதிக்கு மேல் கண்டுபிடித்துவிடலாம். சுற்றின் தொடக்கத்தில் பம்ப் கீழ்த்தொட்டியின் நீரை மேலே உள்ள சிறு தட்டுக்கு ஏற்றும். அப்போது கொஞ்ச நேரம் ‘கொர்ர்’ என்று கேட்கும். பிறகு நீரில் மூழ்கியிருக்கும் உலோக விரல்கள் குளிரும். கம்ப்ரசரும் விசிறியும் ஒரே சீராக உறுமும். கட்டி தடித்ததும் வால்வு திறந்து சூடான வாயு விரல்களுக்குள் ‘உஸ்’ என்று பாயும். தட்டு சாய்ந்து மிச்ச நீரைத் தொட்டியில் கொட்டும். கட்டிகள் கழன்று சடசடவென்று விழும். இவையெல்லாம் இருக்க வேண்டிய சத்தங்கள்.

எங்கள் இயந்திரத்தில் வந்தவை வேறு. தண்ணீர் ஏறும்போது ‘கரகர’ என்று காய்ந்த அரைப்பு. தொட்டி நிறைய நீர் இருந்தும் ‘தண்ணீர் ஊற்றுக’ என்று சிவப்பு விளக்கு. உறையும் நேரத்தில் ‘டர்ர்ர்’ என்று தகரம் அதிரும் ஓசை, மதியத் தூக்கத்தில் இருக்கும் அப்பாவை எழுப்பும் அளவுக்கு. இடப்பக்கத் தகட்டை உள்ளங்கையால் அழுத்தினால் அது சட்டென்று நின்றுவிடும், கையை எடுத்தால் மறுபடி தொடங்கும்.

இதை நான் சர்வீஸ் சென்டரில் தெளிவாகச் சொன்னேன். அங்கிருந்தவர் அரை நிமிடம் காது கொடுத்தார், கம்ப்ரசர் போய்விட்டது என்றார். மாற்றுவதற்குக் கேட்ட தொகை புதியதன் விலையில் பாதிக்கு மேல். தேய்ந்த கம்ப்ரசர், வெளித்தகட்டை அழுத்தினால் எப்படி அடங்கும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பம்ப் மட்டும் தாருங்கள் என்றால் தனியாகக் கிடைக்காதாம். இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் தெருவில் ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பிளக்கைப் பிடுங்கி, நீரை வடித்து, பின் மூடியைக் கழற்றியதும் டார்ச் அடித்துக் காட்டினார். கம்ப்ரசரிலிருந்து வரும் செம்புக் குழாய் ஒன்று இடப்பக்கத் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. தொட்ட இடத்தில் பெயிண்ட் உரிந்து பளபளத்தது. ஏசி குழாயில் சுற்றும் கருப்பு நுரையில் ஒரு துண்டு வெட்டி இடையில் செருகினார். ‘டர்ர்ர்’ அன்றோடு சரி. பம்ப்பைத் திறந்தால் அதன் சிறு சக்கரத்தின் இதழ்களில் வெள்ளை வெள்ளையாக உப்பு ஏறியிருந்தது. எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரில் போட்டதும் இதழ்களிலிருந்து பொடிப்பொடிக் குமிழிகள் கிளம்பின. குமிழி அடங்கும்வரை காத்திருந்து பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். மாட்டி ஓட்டினால் பழைய ‘கொர்ர்’ மட்டும்.

உப்புக்குக் காரணம் போர் தண்ணீர் மட்டுமே என்று இருந்துவிடக் கூடாது. தண்ணீர் உறையும்போது உப்பை வெளியே தள்ளிவிட்டுத்தான் கட்டியாகிறது. தள்ளப்பட்ட உப்பு தட்டில் மிஞ்சும் நீரில் சேர்கிறது. அந்த நீர் மறுபடி தொட்டிக்கே போகிறது. மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் தொட்டி நீரில் சுற்றுக்குச் சுற்று உப்பு கூடும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஏற்கத்தக்கது என்று வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் கரைந்த உப்பு. அந்த நீரையே ஊற்றினாலும் தொட்டிக்குள் அது அந்த அளவிலேயே நிற்காது. ஆகவே ஆர்.ஓ. நீரை ஊற்றுங்கள், இரவில் தொட்டியை வடித்துவிடுங்கள். கையேட்டில் இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருந்தால் எங்கள் பம்ப் அரைத்திருக்காது.

வாங்கியே தீருவேன் என்பவர்கள் பின்பக்க ஸ்டிக்கரையும் பார்த்துவிடுங்கள். ‘என்’ (N) என்ற எழுத்து மட்டும் இருந்தால் சுற்றுப்புற வெப்பம் 32 டிகிரி செல்சியஸ் வரைக்கும், ‘எஸ்டி’ (ST) இருந்தால் 38 வரைக்கும், ‘டி’ (T) இருந்தால் 43 வரைக்கும் ஏற்ற இயந்திரம். எங்களுடையது ‘எஸ்டி’. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் ஊரில் மே மாத மதியங்களில் கம்ப்ரசர் ஏன் அப்படி முக்குகிறது என்பதற்கு அந்த இரண்டு எழுத்தே போதும். பக்கங்களில் ஒரு சாண் இடம் விட்டு வைத்தால் உறுமல் கொஞ்சம் தணியும்.

ஸ்டிக்கரில் ‘ஆர்-600ஏ’ (R-600a) என்று இருந்தால் குளிரூட்டுவதற்காக உள்ளே இருப்பது ஐசோபியூட்டேன், எளிதில் தீப்பற்றும் வாயு. அதைக் கையாளப் பழகாத யாரையும் குழாயில் வெல்டிங் செய்ய விடாதீர்கள். நுரை செருகுவதும் பம்ப் கழுவுவதும் வேறு, அது வேறு.

நண்பருக்குப் பதில்: வாங்க வேண்டாம். இயந்திரத்தின் மேல் எனக்குக் குறையில்லை. அப்பாவின் முழங்காலுக்கு அது செய்த உதவியை மறக்க மாட்டேன். உள்ளங்கை அளவு பம்ப்பைத் தனியாக விற்க மறுத்து, கழுவினால் தீரும் கோளாறுக்குக் கம்ப்ரசர் விலை சொல்கிறவர்களை நம்பி இன்னொருவர் பணம் போடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவசரமாகத் தேவையென்றால் எங்கள் வீட்டுக்கு வரட்டும், ஒரு டப்பா நிறைய ஐஸ் தருகிறேன். இயந்திரத்தை மட்டும் விலைக்குக் கேட்க வேண்டாம், தர மாட்டேன்.