லைசன்ஸை மீட்டுத் தருகிறேன் என்றவரிடம் நான் கொடுத்த 3,500 வெள்ளி

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு இன்னொருவரைத் திட்டினால் நீங்களே பாதியில் படிப்பதை விட்டுவிடுவீர்கள்.

2022 டிசம்பர். சிங்கப்பூரில் நண்பர் வீட்டு விருந்தில் குடித்துவிட்டு ஈசூனுக்கு வேன் ஓட்டித் திரும்பும்போது போலீஸின் சாலைத் தடுப்பில் மாட்டினேன். 100 மில்லிலிட்டர் மூச்சுக்கு 35 மைக்ரோகிராம் மதுதான் வரம்பு. எனக்கு 58 காட்டியது. 2011இலும் இதே குற்றத்துக்காக நீதிமன்றம் ஏறியவன் நான். அதனால் இந்தமுறை 3 வாரச் சிறை, 7,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம், வண்டி ஓட்ட 5 ஆண்டுத் தடை. இரண்டாவது முறை பிடிபட்டால் 5 ஆண்டு என்பது ஆகக் குறைந்த தடை. முதல் முறைக்கே 2 ஆண்டுக்குக் குறையாது. சிறையிலிருந்து வெளியே வந்த நாளிலிருந்துதான் அந்த 5 ஆண்டுக் கணக்கே தொடங்கும். எனக்கு 2028 மே வரை.

நான் ஏர்கான் சர்வீஸ் வேலை பார்ப்பவன். வேன் ஓட்டத் தெரிந்த டெக்னீஷியனுக்கு ஒரு சம்பளம், ஓட்டாதவனுக்கு வேறு சம்பளம். முதலாளி நல்லவர், வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் நான் தொழில் சொல்லிக்கொடுத்த பையன் வேன் ஓட்ட, பக்கத்து இருக்கையில் வாட்டர் ஜெட் பம்பை மடியில் வைத்துக்கொண்டு நான் போக வேண்டும். சில நாள் அதுவும் இல்லை. பம்பும் கேன்வாஸுமாகப் பேருந்தில் ஏறுவேன். இந்த நிலையில் இருப்பவனுக்கு யாராவது "முடியும்" என்று சொன்னால் எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சொன்னவர் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில் அலுவலகம் வைத்திருந்தார். பெயர் எழுதப் போவதில்லை. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், முழுக்கைச் சட்டை, நெற்றியில் திருநீறு. மேசைக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். வழக்கறிஞர் என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை, 'ஆலோசகர்' என்றுதான் அட்டையில் போட்டிருந்தார். வழக்கறிஞர் அல்லாதவர் வழக்கறிஞராக நடந்துகொள்வது இங்கே குற்றம் என்பதும், அவர் ஏன் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தார் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"தம்பி, கவலைய விடுங்க. ரெண்டு வருஷத்துல ஓட்டுவீங்க. அதுவும் திரும்ப டெஸ்ட் இல்லாம."

இந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஓராண்டோ அதற்கு மேலோ தடை விழுந்தால் பழைய லைசன்ஸ் செல்லாது. தடைக்காலம் முடிந்ததும் அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்விலிருந்து எல்லாவற்றையும் திரும்ப எழுதித் தேற வேண்டும். 2011 தடைக்குப் பிறகு நானே அதைச் செய்திருக்கிறேன். 50 கேள்விக்கு 45 சரியாக வர வேண்டும் என்று பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்தவன், அவர் "டெஸ்ட் இல்லாம" என்றதும் தலையாட்டினேன்.

அன்றைக்கே 800 வெள்ளி, கைப்பேசியிலேயே பணம் அனுப்பும் பேநவ் மூலம். கோப்பு திறக்க என்றார். அடுத்த மாதம் மேல்முறையீட்டுக் கடிதத்துக்கு 1,200. அப்புறம் மதுப்பழக்க ஆலோசனைச் சான்றிதழ் ஒன்றுக்கு 600. அதற்காக ஓர் ஆளிடம் நாற்பது நிமிடம் பேசினேன். பாதி நேரம் அவர் கைப்பேசியில்தான் இருந்தார். கடைசியாக "அவசர மறுபரிசீலனை" என்று 900. ஒவ்வொரு முறையும் பச்சை நிற ரசீதுப் புத்தகத்தில் கையால் எழுதிக் கிழித்துக் கொடுத்தார். அதில் நிறுவனப் பெயர் இல்லை, பதிவு எண் இல்லை, 'ஆவணச் சேவை' என்று மட்டும் இருந்தது.

காத்திருந்த நாற்காலிகளில் ஒருநாள் ஓர் அண்ணனைப் பார்த்தேன். லாரி ஓட்டியவர். மூன்றாவது முறை பிடிபட்டு நீதிமன்றம் வாழ்நாள் தடை போட்டுவிட்டது. அதையே எடுத்துத் தருவதாக அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். எவ்வளவு கொடுத்தீர்கள் அண்ணே என்று கேட்டேன். அவர் சொல்லவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். என்னுடையதை விடப் பெரிய தொகை என்று மட்டும் புரிந்தது.

ஆறு மாதம் எந்தப் பதிலும் இல்லை. கேட்டால் "அங்க பேசிட்டிருக்கேன்". அனுப்பிய கடிதத்தின் நகலையாவது கொடுங்கள் என்று பிடிவாதமாக நின்றதில் ஒருநாள் கொடுத்தார். வீட்டுக்கு எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன். என் மனைவிதான் முதலில் படித்தாள். மூன்றாவது பத்தியில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள்.

"ஏங்க, நமக்கு ஏது ரெண்டு பொண்ணு?"

எங்களுக்கு ஒரே பையன். கடிதத்தில் எனக்கு இரண்டு மகள்கள், படுத்த படுக்கையாக ஒரு மாமியார். என் மாமியார் தினமும் காலையில் சந்தைக்கு நடந்து போய் வருகிறவர். பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் மாற்றியவர்கள் மற்றதை யாருடைய கடிதத்திலிருந்தோ அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தக் கடிதம் உண்மையிலேயே எங்காவது அனுப்பப்பட்டிருந்தால், பொய் சொன்னவன் என்று என் பெயர் அல்லவா பதிவாகியிருக்கும்! நல்லவேளை, அனுப்பியதற்கான அடையாளம் எதுவும் இல்லை.

மறுநாள் கடிதத்தோடு போய்க் கேட்டேன். அசரவில்லை. "டைப்பிங் மிஸ்டேக், தம்பி" என்றவர் குரலைத் தாழ்த்தி இரண்டு வழி சொன்னார். ஒன்று, உள்ளே இருக்கும் ஆளுக்குக் கோப்பிக் காசு 1,500. இரண்டு, மலேசியாவின் ஜொகூரில் ஒரு 'கோப்பி-ஓ' லைசன்ஸ், அதாவது காசு கொடுத்துக் குறுக்கு வழியில் எடுக்கும் லைசன்ஸ், வாங்கி இங்கே ஓட்டுவது. யோசித்துச் சொல்கிறேன் என்று இறங்கியவன்தான், மறுபடி ஏறவில்லை. லஞ்சம் வாங்குபவனைப் போலவே கொடுப்பவனுக்கும் இந்த ஊரில் சிறை உண்டு. ஒருமுறை உள்ளே போய் வந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த வாரமே சமூக மன்றத்தில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்குப் போனேன். என் மகன் வயதில் ஒரு பெண் வழக்கறிஞர். நான் கொடுத்த காகிதங்களைப் புரட்டிவிட்டுப் பத்தே நிமிடத்தில் சொல்லி முடித்தார். தடை போட்டது நீதிமன்றம். போக்குவரத்துக் காவல்துறைக்கு எத்தனை கடிதம் எழுதினாலும் அவர்களால் நீதிமன்ற உத்தரவில் கை வைக்க முடியாது. தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 14 நாள்தான் அவகாசம். நான் அந்த ஆலோசகரின் மாடிப்படி ஏறும்போதே அது எப்போதோ முடிந்துவிட்டது. தடையைத் தவிர்க்கச் 'சிறப்புக் காரணம்' வேண்டும் என்று சட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் அது குற்றம் நடந்த சூழ்நிலையைப் பற்றியது. வேலை போகும், குடும்பம் கஷ்டப்படும் என்பதெல்லாம் அதில் சேராது. ஆக, அந்த இரண்டு மகள்களும் எனக்கு உண்மையிலேயே இருந்திருந்தாலும் பயனில்லை.

ஜொகூர் லைசன்ஸ் பற்றியும் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தடை என்பது லைசன்ஸ் வைத்திருக்கவும் புதிதாகப் பெறவும் சேர்த்துத்தான். எந்த நாட்டு அட்டையைக் காட்டினாலும் தடைக்காலத்தில் இங்கே ஓட்டினால் 10,000 வெள்ளி வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கும், வண்டியும் பறிபோகலாம் என்றார்.

பணத்துக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் போனேன். 20,000 வெள்ளி வரையான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம், ஆனால் 2 ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, என் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கு வழியாக வீட்டிலிருந்தே பதிவு செய்தேன். பேநவ் பதிவுகளும் அந்தப் பச்சை ரசீதுகளும் அங்கே கை கொடுத்தன. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பேனோ. அந்த ஆலோசகர் வரவே இல்லை, எனக்குச் சாதகமாக உத்தரவு கிடைத்தது. உத்தரவு கிடைப்பது வேறு, காசு கைக்கு வருவது வேறு. இரண்டு தவணையில் 700 வந்தது, பிறகு அவருடைய கைப்பேசி எண் வேலை செய்யவில்லை. மீதியை வசூலிக்க நீதிமன்றத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதெல்லாம் நடக்கும் முன் என் மைத்துனரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவரே தடுத்திருப்பார். சிறைக்குப் போய் வந்ததை அவரிடம் சொல்லவே எனக்கு ஓராண்டு ஆனது. அந்த ஆலோசகர் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். "வீட்டுல யாருகிட்டயும் சொல்லிக்க வேணாம் தம்பி" என்பது அவர் அடிக்கடி சொன்ன அக்கறைப் பேச்சு.

உங்களில் யாராவது இந்த மாதிரி மாடிப்படி ஏறப் போகிறீர்கள் என்றால், அவர் பெயரைச் சட்ட அமைச்சின் இணையத்தளத்தில் உள்ள வழக்கறிஞர் பட்டியலில் தேடிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. போன மாதம் தேக்காவில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது இன்னொரு சந்தில் புதுப் பலகை ஒன்று பார்த்தேன். ஆலோசகர் என்ற சொல் இல்லை, இப்போது 'ஓட்டுநர் நலச் சேவை'. கீழே காப்பி குடித்துக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன் கையில் பச்சை நிறத் துண்டுக் காகிதம். போய்ப் பேசினேன். 800 வெள்ளி, அன்று காலையில்தான் கட்டியிருக்கிறான்.